ரிப்போர்ட் நார்மல், கால் மட்டும் நகர மாட்டேங்குது

என்கூட ஓடுற நண்பன் ஒருத்தன் இருக்கான். பேரு வேணாம், இதை அவனே படிப்பான். எங்க குரூப்புல எப்பவும் அவன்தான் முன்னாடி, நாங்கல்லாம் அவன் முதுகைப் பாத்துக்கிட்டே ஓடுற ஆளுங்க. அப்படிப்பட்டவன் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி வர ஆரம்பிச்சான். வேகம் கொறைஞ்சா எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதைத்தான் அவனும் பண்ணான், இன்னும் ஜாஸ்தி ஓடுனான். ஞாயித்துக்கிழமை லாங் ரன்ல ரெண்டு கிலோமீட்டர் சேத்தான், வார நாள்ல இன்டர்வல் (வேகமா ஓடி, மூச்சு வாங்கி, மறுபடி வேகமா ஓடுறது) சேத்தான், ம்ஹூம், ஒண்ணும் வேலைக்கு ஆகல. நடுராத்திரி முழிப்பு வந்துருது, அப்புறம் தூக்கமே இல்லன்னான். மாடிப்படி ஏறும்போதே தொடை கனக்குதுன்னான். சின்ன விஷயத்துக்கெல்லாம் வள்ளு வள்ளுன்னு விழுறார்னு அவன் ஒய்ஃப் எங்ககிட்டயே புலம்புனாங்க.

அப்புறம் என்ன, யூடியூப். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிசால் ஏறிடுச்சு, ஆம்பளை ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் இறங்கிடுச்சு, அதான் மாப்ள விஷயம்னு அவனே முடிவு பண்ணிட்டான். ஒரு லேப்ல ஹார்மோன் பேக்கேஜ் ஆஃபர் போட்டிருந்தாங்க. காலைல வழக்கம்போல ஓடிட்டு, ஈர டீ-ஷர்ட்டோட நேரா லேபுக்குப் போய் கையை நீட்டியிருக்கான். ரத்தம் எடுக்கிற பொண்ணு வேர்வையைத் துடைச்சுத் துடைச்சு நரம்பைத் தேடிட்டு, "ஓடிட்டா வந்தீங்கண்ணா?"ன்னு கேட்டுட்டு ஊசியை எறக்கிருச்சு. ரிப்போர்ட் வந்தா எல்லாமே ரேஞ்சுக்குள்ள. தைராய்டு, ஹீமோகுளோபின், கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், எதுலயும் ஸ்டார் கிடையாது. காட்டின டாக்டர் பேப்பரை ஒரு பொரட்டு பொரட்டிட்டு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, டென்ஷனைக் கொறைங்கன்னு அனுப்பிட்டாரு. வெளிய வந்து டீக்கடைல நின்னு அவன் கத்துனான் பாருங்க: "ஒண்ணும் இல்லன்னா நான் என்ன நடிக்கிறேனாடா?"

அந்தக் கேள்வி எனக்குள்ள ஒக்காந்துக்கிச்சு. யூடியூப்ல பேசுற ஆளும் டாக்டரும் எதிரெதிர் கட்சின்னு தோணும், ஆனா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை நம்புறாங்க, அதாவது உண்மை அந்தப் பேப்பர்லதான் இருக்குன்னு. ஒருத்தர் நம்பர் தப்பா வரும்ங்கிறாரு, இன்னொருத்தர் நம்பர் சரியா இருந்தா நீயும் சரிங்கிறாரு. ஓடி ஓடிக் களைச்சுப்போன உடம்புல ஹார்மோன் என்ன பண்ணுதுன்னு தேடித்தேடிப் படிச்சப்போ, அந்தப் பேப்பர் பேசுற விஷயமே வேறன்னு புரிஞ்சுது.

முதல்ல கார்டிசாலுக்கு வக்கீலா கொஞ்சம் பேசிடுறேன், பாவம் அதை எல்லாரும் வில்லனாக்கிட்டாங்க. கார்டிசால் இல்லன்னா நாம செத்துருவோம், அதைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி நெஜமாவே வேலை செய்யாத அடிசன் நோய்னு ஒண்ணு இருக்கு, அந்த நோயாளிங்க தினமும் மாத்திரையா அதை முழுங்கித்தான் உயிரோட இருக்காங்க. காலைல நம்மளை எழுப்பி உக்கார வைக்கிறதே அதுதான், விடியக்காலம் ஏறி, எந்திரிச்ச கொஞ்ச நேரத்துல உச்சத்துக்குப் போய், ராத்திரிக்குள்ள இறங்கிரும். ஓடும்போது சேமிப்புல இருக்கிற சர்க்கரையையும் கொழுப்பையும் வெளிய எடுத்துக் குடுக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதனால வேகமா ஓடுனா ஏறத்தான் செய்யும், ஏறணும். ஆக ஓடி முடிச்ச கையோட எடுத்த ரத்தத்துல கார்டிசால் எவ்வளவு இருந்தாலும் அதுக்குப் பெரிசா அர்த்தம் இல்ல. என் நண்பனோட சாம்பிள் அப்பவே அவுட்டு.

ஒரு ரேஷியோவோட கதை

டெஸ்டோஸ்டிரோனை கார்டிசாலால வகுத்துப் பாக்குற ஐடியா யூடியூப் கண்டுபிடிச்சது இல்ல. 1986ல பின்லாந்துல அட்லர்க்ராய்ட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் சொன்னது. டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கட்டுது, கார்டிசால் ஒடைக்குது, அப்ப ரெண்டுக்கும் உள்ள விகிதம் 30 சதவீதத்துக்கு மேல விழுந்தா வீரர் எல்லை தாண்டிட்டாருன்னு எடுத்துக்கலாம்னாங்க. கேக்கவே எவ்வளவு அழகா இருக்கு, ஒரே நம்பர், ஒரே கோடு. கோச்சுங்களுக்கு இதைவிட என்ன வேணும்.

ஆனா அந்த 30 சதவீதம்ங்கிறது எதுல இருந்து 30? அந்த ஆளோட பழைய அளவுல இருந்து. என் நண்பன் நல்லா ஓடிட்டு இருந்த காலத்துல யாரு ரத்தம் எடுத்து வச்சா? லேப்ல போட்டிருக்கிற டெஸ்டோஸ்டிரோன் ரேஞ்சோ ரொம்ப அகலம், மேல் எல்லை கீழ் எல்லையைப் போல மூணு மடங்கு இருக்கும். மேல இருந்து பாதியா இறங்குனாக்கூட அது "நார்மல்"தான். அப்புறம் இன்னொண்ணு, நல்லபடியா போற கடுமையான பயிற்சி வாரத்துலயும் அந்த ரேஷியோ விழும், ரெஸ்ட் எடுத்ததும் ஏறிரும். 2013ல ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் அமைப்பும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க, அதுல இந்த ரேஷியோ உடம்பு மேல விழுற பயிற்சிச் சுமையைக் காட்டும், அதை வச்சு ஓவர்டிரெய்னிங்னு (ஓடி ஓடி உடம்பு மீள முடியாம சரியுறதுக்கு வச்ச பேரு) முத்திரை குத்த முடியாதுன்னு தெளிவா இருக்கு.

அப்ப ஹார்மோன்ல எதுவுமே மாறலையான்னா, மாறுது. சும்மா உக்காந்திருக்கும்போது மாறுறதைவிட, சீண்டும்போது மாறுறதுதான் ஜாஸ்தி. பிரஸ்ஸல்ஸ்ல ரோமைன் மேயுசன் குழு இதை ஒரு சாமர்த்தியமான வழில பிடிச்சாங்க. வீரரை முழு சக்தியும் தீர்ற வரைக்கும் ஒருதடவை டெஸ்ட் பண்ணுவாங்க, 4 மணி நேரம் ரெஸ்ட் குடுத்து மறுபடியும் அதே டெஸ்ட். ரெண்டு தடவையும் முன்னாடி பின்னாடி ரத்தம் எடுத்து, மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரி விடுற ஏ.சி.டி.எச் (அட்ரினலுக்குக் கார்டிசாலைச் சுரக்கச் சொல்லி ஆர்டர் போடுறது), புரோலாக்டின் இதெல்லாம் பாப்பாங்க. முதல் டெஸ்ட்ல பெரிசா ஒண்ணும் தெரியாது, ரெண்டாவதுலதான் குட்டு வெளிப்படும். ஓரளவு மட்டும் எல்லை தாண்டினவங்களுக்கு அந்த ஹார்மோன்கள் ஓவரா எகிறும். நெஜமாவே முத்திப்போனவங்களுக்கு எகிறவே எகிறாது. பிட்யூட்டரி கண்டுக்கிறதே இல்ல.

பிரேசில்ல கடேஜியானி, கட்டேர்னு ரெண்டு ஹார்மோன் டாக்டர்கள் வேற பக்கத்துல இருந்து அதே இடத்துக்கு வந்தாங்க. இவங்க கதை சுவாரசியம். 2016ல "அட்ரினல் ஃபட்டீக்"ங்கிற ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு, இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி ஒரு கட்டுரை போட்டாங்க, சுரப்பி டயர்டு ஆயிருச்சுன்னு சொல்லி பொடி விக்கிற வியாபாரத்துக்கு அது பெரிய அடி. அடுத்ததா ஓவர்டிரெய்னிங் பக்கம் திரும்புனாங்க. (அதுல முன்னவர் கொரோனா காலத்துல வேற ஒரு மருந்து ஆராய்ச்சில பெரிய சர்ச்சைல மாட்டினவர், அதனால நான் கொஞ்சம் உஷாராத்தான் படிச்சேன்.) மொத்தமே ஐம்பது சொச்சம் பேரை வச்சுப் பண்ண சின்ன ஆய்வு. இன்சுலின் ஊசி போட்டு சர்க்கரையை வேணும்னே இறக்கி, உடம்பு எப்படி பதில் குடுக்குதுன்னு பாத்தாங்க. நல்லா இருக்கிற வீரர்களுக்கு கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் சோம்பேறிங்களுக்கு ஏறுறதைவிட நல்லாவே ஏறுச்சு, அதாவது பயிற்சி அவங்க ஹார்மோனுக்கும் பயிற்சி குடுத்திருக்கு. ஓவர்டிரெய்னிங் ஆனவங்களுக்கு அந்தக் கூடுதல் வேகம் போயே போச்சு. கார்டிசால் ஏறிடுச்சுன்னு ஊரே பேசுது, இங்க வேணுங்கிற நேரத்துல அது ஏற மாட்டேங்குது!

சுரப்பி அப்படியேதான் இருக்கு, மேல இருந்து ஆர்டர் வரல, அவ்வளவுதான். நண்பன்கிட்ட இதைச் சொன்னதும் அந்த இன்சுலின் டெஸ்ட்டை எங்க பண்ணலாம்னு கேட்டான். சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்கி, பக்கத்துல டாக்டர் நின்னு பாக்குற டெஸ்ட் அது, பேக்கேஜ் ஆஃபர்ல வராதுடான்னேன்.

சோறு

எனக்கு எல்லாம் தலைகீழா மாறின இடம் இதுதான், அதுவும் விளையாட்டு ஆராய்ச்சி இல்ல, ராணுவ ஆராய்ச்சி. அமெரிக்க ராணுவத்துல ரேஞ்சர் ஸ்கூல்னு ஒரு கோர்ஸ், அப்போ சுமார் 8 வாரம். காடு, மலை, சதுப்பு நிலம்னு மூட்டையைத் தூக்கிக்கிட்டு அலைய விடுவாங்க, தூக்கம் நாளைக்கு நாலு மணி நேரம் கூட கிடையாது, குடுக்கிற சாப்பாடு செலவாகுறதைவிட நாளைக்கு சுமார் ஆயிரம் கலோரி கம்மி. 1990கள் ஆரம்பத்துல கார்ல் ஃப்ரீடல்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் அந்தப் பசங்க ரத்தத்தை நடுநடுல எடுத்துப் பாத்துட்டே வந்தாங்க. உள்ள போகும்போது கட்டுமஸ்தான இளவட்டங்க, வெளிய வரும்போது எட்டுல ஒரு பங்கு எடை போயிருச்சு. டெஸ்டோஸ்டிரோன் விரை எடுத்த ஆளுக்கு இருக்கிற அளவுக்குப் பக்கத்துல போயிருச்சு. தைராய்டோட டி3 இறங்கிருச்சு, தசை வளர்றதுக்கு வேணுங்கிற ஐ.ஜி.எஃப்-1 பாதிக்கும் கீழ போயிருச்சு. இதுவரைக்கும் ஆச்சரியம் ஒண்ணும் இல்ல, அவ்வளவு கஷ்டப்பட்டா இறங்காம என்ன பண்ணும்னு தோணும்.

ஆனா கோர்ஸ் நடுவுல கொஞ்ச நாள் மட்டும் வயிறார சாப்பாடு குடுத்தாங்க. கவனிங்க, மத்த கொடுமையெல்லாம் அப்படியே நடந்துட்டுதான் இருக்கு. அந்த நாட்கள்ல டெஸ்டோஸ்டிரோன், டி3, ஐ.ஜி.எஃப்-1 எல்லாம் மளமளன்னு மேல ஏறுச்சு. மறுபடியும் சாப்பாட்டைக் கொறைச்சதும் மறுபடியும் இறங்குச்சு.

இதைப் படிச்சுட்டு லேப்டாப்பை மூடி வச்சுட்டு வெளிய போய் நடந்தேன். ஏன்னா நாங்க இவ்வளவு நாளும் "லோடு ஜாஸ்தி, லோடு ஜாஸ்தி"ன்னு பேசிட்டிருந்தது பூரா ஓட்டக் கணக்கு, அவன் தட்டுல என்ன இருக்குன்னு எங்க குரூப்புல ஒருத்தன்கூட கேட்டதில்ல.

பொண்ணுங்கள்ல இதை இன்னும் துல்லியமா நிரூபிச்சது ஆன் லவுக்ஸ்னு அமெரிக்காவுல ஓஹாயோ பல்கலைக்கழகத்துல இருந்த ஆராய்ச்சியாளர். கருமுட்டைக்கு உத்தரவு போடுற எல்.எச் ஹார்மோன் நாள் பூரா துடிப்பு துடிப்பா வரும், அதை எண்ணிப் பாத்தாங்க. உடற்பயிற்சி பண்ண வச்சு அதுக்கு ஈடா சாப்பாடும் குடுத்தா துடிப்புக்குப் பெரிய பாதிப்பு இல்ல. சாப்பாட்டை ஈடுகட்டலன்னா துடிப்பு கொறையுது. உடற்பயிற்சிங்கிற ஸ்ட்ரெஸ்ஸால இல்ல, மிச்சம் இருக்கிற சக்தி பத்தாததாலன்னு 1998ல எழுதினாங்க. 2003ல எந்த அளவுக்குக் கீழ போனா கொறையுதுன்னும் பாத்தாங்க, உடற்பயிற்சிக்குப் போக மிச்சம் இருக்கிறது, கொழுப்பு நீங்கலா இருக்கிற உடம்பு எடைல கிலோவுக்கு நாளைக்கு 30 கலோரி. அந்தச் சோதனை நடந்தது வெறும் 5 நாள். அஞ்சே நாள்ல மூளை கணக்குப் பாத்து முடிவெடுத்துருது.

எங்க அம்மா மாசக்கடைசில பண்றதுதான் இது. கையில காசு கம்மின்னா கரன்ட் பில்லு கட்டுவாங்க, பால்காரருக்குக் குடுப்பாங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதைத் தள்ளி வைப்பாங்க. மூளையும் இதயத்தை ஓட்டும், காலையும் எப்படியோ ஓட்டும், இனப்பெருக்கம், எலும்பு, தசை, உடம்புச் சூடு இதையெல்லாம் தை மாசம் பாத்துக்கலாம்னு தள்ளி வைக்குது. அதைப் போய் டெஸ்டோஸ்டிரோன் கம்மின்னு ஊசி போட்டு ஏத்துறது எந்த ஊரு நியாயம்?

சரி, நண்பன் கணக்குக்கு வருவோம். கொழுப்பு போக அவன் உடம்பு 50 கிலோன்னு வைங்க. ஓட்டத்துல ஒரு நாளைக்கு 700 கலோரி போகுதுன்னா, 2200 கலோரி சாப்பிட்டாத்தான் மிச்சம் 1500, வகுத்தா சரியா 30, அதாவது கோட்டு மேல நிக்கிறான். (அந்தக் கோடு பொண்ணுங்களை வச்சுப் போட்டது, ஆம்பளைங்க இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் தாங்குவாங்க போல.) அவன் என்ன சாப்பிட்டான்? சுகர் வந்துரும்னு பயந்து சோத்தை நிறுத்தியிருந்தான். காலை டிபன் கிடையாது, ஃபாஸ்டிங். மத்தியானம் ஆபீஸ்ல ஒரு டப்பா காய்கறி, கொஞ்சம் பன்னீர். ராத்திரி ரெண்டு சப்பாத்தி. எடை இறங்க இறங்க வேகம் வரும்னு அவன் ஆப்ல கிராஃப் வேற வச்சிருந்தான். பட்டினின்னு அவனுக்கே தோணல, பசியும் கொஞ்ச நாள்ல மரத்துப் போயிருச்சு.

பிரேசில் ஆய்வுலயும் எனக்கு ஒட்டிக்கிட்ட தகவல் இதுதான்: ஓவர்டிரெய்னிங் ஆனவங்களும் ஆகாதவங்களும் பயிற்சி பண்ண அளவுல பெரிய வித்தியாசம் இல்ல. சாப்பாட்டுலயும் தூக்கத்துலயும்தான் வித்தியாசம். ஓவர்டிரெய்னிங்னு பேர் வச்சதே பாதிப் பழியைத் தப்பான இடத்துல போட்டுருச்சோன்னு தோணுது. எல்லாமே சாப்பாடுதான்னு நான் சொல்ல வரல. நல்லா தின்னுட்டும் விழுறவங்க இருக்காங்க, வேலை பிரச்சினை, கல்யாணப் பிரச்சினை, காய்ச்சல் முழுசா விடறதுக்குள்ள ஓடுறதுன்னு ஆயிரம் இருக்கு. ரத்த சோகையோ தைராய்டோ காசநோயோ கூட இதே மாதிரிதான் ஆரம்பிக்கும், அதனால டாக்டர்கிட்ட போனது வீண் இல்ல, அதெல்லாம் இல்லன்னு தெரிஞ்ச அப்புறம்தான் இந்தப் பேச்சே.

மேரி கெய்ன்

பொண்ணுங்களுக்கு ஒரு அலாரம் இருக்கு, மாசாமாசம் வரணும். வரலன்னா உடம்பு சொல்லிருச்சுன்னு அர்த்தம். ஆனா நம்ம ஊரு மைதானங்கள்ல "நின்னா நல்லதுதான், கடுமையா பண்றேன்னு அர்த்தம்"னு சர்வசாதாரணமா சொல்லிக் கேட்டிருக்கேன். தொல்லை விட்டுச்சுன்னு அந்தப் பொண்ணுங்களும் வீட்ல சொல்றதில்ல. எலும்பைக் காப்பாத்துற ஈஸ்ட்ரோஜன் அப்ப ஓரமா ஒதுங்கிட்டிருக்கும்.

மேரி கெய்ன் கதை தெரிஞ்சிருக்கும். 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்ல 17 வயசுல 1500 மீட்டர் ஃபைனலுக்குப் போன அமெரிக்கப் பொண்ணு. நைக்கியோட ஆரிகன் ப்ராஜெக்ட்ங்கிற ஓட்டப் பயிற்சிக் குழுவுல சேர்ந்தாங்க, எடையைக் கொறை கொறைன்னு நச்சரிச்சாங்க, மூணு வருஷம் பீரியட்ஸ் வரல, அஞ்சு எலும்பு முறிஞ்சுதுன்னு 2019 நவம்பர்ல வெளிய வந்து சொன்னாங்க. கோச் ஆல்பர்ட்டோ சலசார், தான் சில நேரம் மனசு நோகுற மாதிரி பேசியிருக்கலாம், ஆனா ஆரோக்கியத்தைக் கெடுக்க நினைக்கலன்னாரு. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் என்னன்னா இந்த சலசாரே ஓவர்டிரெய்னிங்கால சரிஞ்ச ஆளு. 1982 பாஸ்டன் மாரத்தான்ல வெயில்ல டிக் பியர்ட்ஸ்லியை ரெண்டே செகண்ட்ல ஜெயிச்சாரு, அந்த வருஷத்துக்கு அப்புறம் வருஷக்கணக்கா பழைய ஓட்டம் திரும்பி வரவே இல்ல. மன அழுத்த மாத்திரை எடுத்ததுக்கு அப்புறம்தான் 1994ல தென்னாப்பிரிக்கா காம்ரேட்ஸ் ஓட்டத்தை ஜெயிச்சாரு. அளவுக்கு மீறி ஓடிக் கெட்டேன்னு அவரே சொல்லியிருக்காரு. அனுபவப்பட்டவனுக்குத் தெரியும்னு சொல்றோமே, எங்க தெரியுது?

ரேஸ்கோர்ஸ் பசங்க

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலைல வந்து பாருங்க, பாதிக் கூட்டம் போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடியாகுற பசங்க. 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குற இளவட்டத்துக்கு அது கஷ்டமே இல்ல. ஆனா இவங்க வெறும் வயித்துல ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்து ஓடி, கயிறு ஏறி, தாண்டிக் குதிச்சு, அப்படியே கோச்சிங் சென்டருக்குப் போய், சாயங்காலம் திரும்ப வந்து ஓடுறாங்க. ராத்திரி செல்போன் வெளிச்சத்துல பொது அறிவு. சாப்பாடு மெஸ்ஸுல, அன்லிமிடெட்டா இருந்தாலும் "வயிறு கனக்கும்ணே"ன்னு பாதில எந்திரிச்சுருவாங்க. அதுல ஒரு பையன், ஆறே முக்கால்ல முடிச்சிட்டிருந்தவன், இப்ப ஏழரை ஆகுதுண்ணே, அமுக்கரா பொடி வாங்கிச் சாப்பிடவா, கார்டிசால் கொறையுமாம்லன்னு எங்கிட்டக் கேட்டான். பொடி வாங்குற காசுக்கு எத்தனை முட்டை வரும்னு ரெண்டு பேரும் நின்னு கணக்குப் போட்டோம்.

அவங்க மாஸ்டர்கிட்டயும் பேசிப் பாத்தேன். நல்ல மனுஷன், கிராமத்துப் பசங்ககிட்ட ஃபீஸ் கூட சரியா வாங்க மாட்டாரு. வாரத்துல ஒரு நாள் முழு ரெஸ்ட், ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு பழமாவது, சாயங்கால ஓட்டத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு சொன்னேன். "சார், நோட்டிஃபிகேஷன் வந்துருச்சு. இப்பப் போய் ரெஸ்ட்டுன்னா எவன் கேப்பான்? பக்கத்து அகாடமில ரெண்டு வேளை ஓடுறான்னு அங்க போயிருவான்"னாரு. அவர் சொல்றதும் நெஜம்தான், வயசு வரம்பு தாண்டுறதுக்குள்ள வேலைக்குப் போகணும்ங்கிற பையனுக்குப் பிரஸ்ஸல்ஸ் ஆராய்ச்சியை வச்சு என்ன பண்றது. ரெஸ்ட்டை விடுங்க மாஸ்டர், பழத்துக்காவது வழி பண்ணலாம்னேன். அதுக்கு ஒத்துக்கிட்டாரு. எங்க ரன்னர்ஸ் குரூப்புல பேசி இப்ப வாரத்துக்கு ரெண்டு தார் பூவன் பழமும் கடலை மிட்டாய் டப்பாவும் இறக்குறோம். ஓடி முடிச்சப்புறம் தர்றோம்னா பசங்க எடுத்துட்டு ஓடிருவாங்க, ஓடுறதுக்கு முன்னாடி கண்ணு முன்னாடியே சாப்பிடணும்னு கண்டிஷன். அதை நின்னு பாத்துக்கிறது யாருன்னு கேக்குறீங்களா, காலை டிபனை மறுபடியும் ஆரம்பிச்சிருக்கிற என் நண்பன்தான். இன்னும் பழைய வேகம் வரல. ஓடுற நாளைக் கொறைச்சிருக்கான், சோறு சாப்பிடுறான். ரெண்டாவது ரிப்போர்ட் எடுக்கலாமான்னு அப்பப்பக் கேப்பான், ரெண்டாவது இட்லியைச் சாப்பிடுடான்னு சொல்லிட்டிருக்கோம்.